சிப் கம்பனிக்குப் போன மடவளைக் காணி

வேலை முடிந்து கண்டியிலிருந்து மடவளை பஸ்ஸில் வரும்போது நான் இடப்பக்க ஜன்னலோரம் உட்காருவதில்லை. இடம் காலியாகக் கிடந்தாலும் உட்காருவதில்லை. கட்டுகஸ்தோட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், பள்ளிவாசலுக்கு அப்பால், இடப்பக்கத்தில் ஒரு புது மதில் எழும்பியிருக்கிறது. அதற்குப் பின்னால் பத்து பேர்ச் காணி, ஒரு சின்ன வீட்டுக்கும் முற்றத்துக்கும் போதுமான அளவு. அது என் பேருக்கு வரவேண்டிய காணி. வரவில்லை. அமெரிக்காவில் இருக்கும் ஒரு சின்னச் சிப் கம்பனி அதைத் தின்றுவிட்டது.

இப்படிச் சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். நகத்தின் அளவு மின்சாரச் சிப் செய்கிற ஒரு கம்பனி மடவளைக் காணியை எப்படித் தின்னும் என்று கேட்பார்கள். தின்னும். நான் கண்ணை விழித்துக்கொண்டு இருக்கும்போதே தின்றது. கணக்குப் படித்தவள், பத்து வருடத்துக்கு மேலாக ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறவள், எல்லாவற்றையும் வாசித்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி என்ன கிழித்தேன்?

நான் கலஹாவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய கூலியாட்களின் அறைகளில் ஒன்றில் பிறந்தவள். நாங்கள் படுத்த அறை தோட்டத்துடையது. வாசலில் நின்ற கொய்யா மரம் தோட்டத்துடையது. அப்பா போஞ்சிக்கொடி போட்ட துண்டு நிலமும் தோட்டத்துடையதுதான். அந்தத் துண்டுக்கு வந்த கங்காணி ஒருமுறை, "நாளைக்கு இங்க தேயிலக் கண்ணு நடப் போறோம், கொடியப் பிடுங்கு" என்றார். அப்பா பூத்து நின்ற கொடியைத் தன் கையாலேயே பிடுங்கினார். அப்போது நான் பள்ளிக்கூடச் சீருடையோடு வாசலில் நின்றேன். அப்பாவின் அப்பா, அவருடைய அப்பா, எல்லாரும் இந்த மலையைக் கொத்திக் கொத்தியே போய்ச் சேர்ந்தார்கள். ஒரு சாண் மண் அவர்கள் பேரில் இல்லை. எனக்கு நகையில் ஆசை கிடையாது, சேலையில் ஆசை கிடையாது. என் பேரில் உறுதிப் பத்திரத்தோடு ஒரு காணி, அதில் ஒரு வீடு, அந்த வீட்டில் நின்று "எழும்பு" என்று என்னைப் பார்த்து யாரும் சொல்லக்கூடாது. அது ஆசை கூட இல்லை, வெறி.

என் வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டி டவுனில், மார்க்கெட்டுக்குப் பக்கத்துக் கட்டடத்தின் மாடியில் ஒரு ரிப்பெயார் கடை வைத்திருக்கிறார். இன்வேர்ட்டர், யூபிஎஸ், லப்டொப் சார்ஜர், இவைதான் அவர் உலகம். நல்ல மனிதர். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். ஆனால் அவர் சொந்த வீடும் வளவும் கிணறும் பனையுமாக வளர்ந்தவர். காணி என்பது அவருக்குக் காற்று மாதிரி, எப்போதும் இருக்கிற ஒன்று. இல்லாதவர்களின் நெஞ்சு எப்படித் துடிக்கும் என்று அவருக்குத் தெரியாது. அதை நான் எத்தனை வருடமாகச் சொல்லியும் அவருக்கு ஏறவில்லை.

அவருடைய அப்பாவின் வளவை விற்றபோது வாங்கியவரும் கனடாவில்தான் இருந்தார். இவருடைய அண்ணன் இருக்கிற அதே நகரம். காசு அங்கேயே கைமாறியது. யாழ்ப்பாணத்து வளவுகள் இப்போதெல்லாம் அப்படித்தான் விற்பனையாகின்றன. மண் இங்கே இருக்கும், காசு கடலைத் தாண்டவே தாண்டாது. இவருடைய பங்கு டொலராக அண்ணனின் கணக்கில் கிடந்தது. "கொண்டு வாங்க, ஒரு காணி வாங்குவோம்" என்று நான் சொல்லச் சொல்ல, நாட்டில் ரூபாய் விழுந்தது.

அந்தக் காலத்தை இங்கே இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. காஸ் வரிசை, பெற்றோல் வரிசை, பாதி நாள் கரண்ட் இல்லை. நான் மிச்சம் பிடித்து வங்கியில் வைப்பிலிட்ட ரூபாய் எண்ணிக்கையில் குறையவில்லை, ஆனால் அதற்குக் கிடைக்கிற சாமான் பாதியாகிப்போனது. அண்ணனிடம் கிடந்த டொலரோ ஒன்றும் செய்யாமலே ரூபாயில் இரண்டு மடங்கு ஆனது. கடைக்கு வருகிறவர், போகிறவர், என் முதலாளி, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர், எல்லாருக்கும் ஒரே பேச்சு. டொலரில் இருந்தால் தப்பினீர்கள், ரூபாயாக்கினால் போனீர்கள். அன்றைக்கு எங்களுக்குள் புகுந்த பயம் அது. ரூபாயைக் கண்டு அப்படி நடுங்கினோம். அதனால் டொலரில் எங்கே போட்டாலும், எதில் போட்டாலும், அது பத்திரம் என்று தலைக்குள் பதிந்துவிட்டது. டொலரிலும் ஒன்றுமில்லாமல் போகலாம் என்ற நினைப்பே வரவில்லை. இந்த நாட்டில் அந்த வருடத்தைப் பார்க்காத ஒருவர் இந்தத் தவறைச் செய்திருக்கமாட்டார்.

நெருக்கடி கொஞ்சம் அடங்கியதும் காணி தானாக வந்தது. மடவளையில் ஒரு ஹாஜியார். முன்பு துணி வியாபாரம் செய்தவர், வயதானவர். கரண்ட் இல்லாத நாட்களில் அவருடைய மனைவி ஒக்சிஜன் மெஷினில் இருந்தார். அவர்கள் வீட்டு இன்வேர்ட்டர் எப்போது மக்கர் செய்தாலும் என் வீட்டுக்காரர் ஓடிப்போய்ச் சரிசெய்து கொடுத்தார். அந்த அம்மா பிறகு காலமாகிவிட்டார். ஆனால் ஹாஜியார் அதை மறக்கவில்லை. தன் காணியில் ஒரு பக்கத்தைப் பிரித்து விற்கப் போவதாகச் சொல்லி எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். வெளியாட்களுக்குச் சொல்லும் விலை ஒன்று, எங்களுக்குச் சொன்ன விலை வேறு.

"முற்பணம் கொஞ்சம் தந்துடுறோம் ஹாஜியார்" என்றேன் நான்.

"அட வாணாம் மகள். பேச்சு இரிக்கி தானே. என்ட கடைசி மகள்ட கலியாணத்துக்கு வீடு கட்டிக் குடுக்கணும். அந்த வேல தொடங்குறதுக்கு முந்தி தந்தாப் போதும். அது வரைக்கும் நான் வேற ஆளுக்குக் காட்டவும் மாட்டேன்."

அவர்கள் வழக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது தகப்பன் பொறுப்பு. எங்கள் காணிக் காசுதான் அவர் மகளின் வீடாக எழும்பவேண்டும். அதனால் தவணை எப்போது என்று எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

செய்தி கேட்டு அப்பா கலஹாவிலிருந்து வந்தார். சும்மா வரவில்லை. முதலில் கம்பளைக்குப் போய், தெரிந்த ஒருவரிடம் ஒரு முருங்கைப் போத்து வெட்டி வாங்கி, அதை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் மாறி பஸ் மாறி வந்தார். கண்டக்டர்மாரிடம் வாங்கிய ஏச்சைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கலஹாக் குளிருக்கு முருங்கை வராது. வந்தாலும் காய்க்காது. அப்பாவுக்கோ முருங்கைக்காய் என்றால் உயிர். ஹாஜியாரிடம் கேட்டேன். "நட்டுக்குங்க, நட்டுக்குங்க, ஒங்கட காணி தானே" என்றார். அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் காணிக்குள் இறங்கினார். பின்பக்க மூலையில் குழி வெட்டி, போத்தை நட்டு, மேல்முனையில் சாணி அப்பினார்.

"இத நாளைக்கு யாரும் பிடுங்கச் சொல்ல மாட்டாங்கல்லம்மா?"

"யாருப்பா சொல்லுவா? நம்ம காணி."

"அதான் கேட்டேன்" என்றார்.

அந்த மாதத்திலேயே காசை வரவழைத்திருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். ஹாஜியாரின் மகளுக்கு இன்னும் மாப்பிள்ளையே முடிவாகவில்லை, என்ன அவசரம் என்றார் என் வீட்டுக்காரர். ரூபாய் இன்னும் விழலாம், கடைசி நேரத்தில் மாற்றினால் இலாபம் என்றார். அது கூடப் பரவாயில்லை. அதற்குள் கனடாவிலிருந்து அண்ணன் அந்தச் சிப் கம்பனியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். அந்தக் கம்பனி செய்வது கணக்குப் பார்க்கிற சிப் இல்லை, கரண்டை மாற்றிக் கொடுக்கிற சிப். சுவரில் வருகிற கரண்டை ஃபோனுக்கும் லப்டொப்புக்கும் ஏற்ற மாதிரிக் குறைத்து, அதிகம் சூடாகாமல் கொடுக்கும். சின்னச் சின்ன சார்ஜர்களுக்குள் அது இருக்கும். சின்னக் கம்பனி, வருடா வருடம் நஷ்டம். இப்போது திடீரென்று சார்ஜர் வேலையை விட்டுவிட்டு, ஏஐ கொம்பியூட்டர்களை அடுக்கி வைக்கும் பெரிய பெரிய கட்டடங்களுக்குக் கரண்ட் கொடுக்கும் சிப் செய்யப் போகிறார்களாம். ஏஐக்குச் சிப் செய்கிற ஒரு மாபெரும் கம்பனி, தங்களோடு சேர்ந்து வேலை செய்கிறவர்களின் பெயர்களில் இவர்களுடைய பெயரையும் சொல்லியிருக்கிறதாம். அவ்வளவுதான். பங்கு விலை எகிறத் தொடங்கியது.

அண்ணன் சொன்னதை விட என் வீட்டுக்காரரை விழுத்தியது வேறொன்று. அவர் கடையில் ஒரு பால்மா டின் இருக்கிறது. எரிந்துபோன பாகங்களை எல்லாம் கழற்றி அதற்குள் போடுவார். ரிப்பெயார்க்காரர்கள் எல்லாரிடமும் அப்படி ஒரு டின் இருக்கும். இவர் அதைச் 'சவப்பெட்டி' என்பார். இறக்குமதித் தடை இருந்த காலத்தில் புதுச் சார்ஜர் கிடைக்காமல் கண்டியே இவர் கடைக்குத்தான் வந்தது. அதனால் அந்த டின்னில் இல்லாத சாமான் இல்லை. அன்று மாலை அதை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்து, பழைய பேப்பரை விரித்துக் கொட்டினார்.

"இஞ்ச பாரும். இவ்வளவு காலமும் செத்ததெல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு. அவங்கட சிப் ஒண்டாவது இருக்கோ எண்டு தேடிப் பாரும்."

"நான் எங்க தேடுறது? எனக்கு எல்லாம் ஒன்னு மாதிரிதான் தெரியுது."

"இல்லையப்பா, நான் சொல்லுறன், ஒண்டும் இல்ல. அவ்வளவு நல்ல சாமான். சாகாது."

"சிப்பு சாகாது சரி. கம்பனி சாகாதுன்னு யாரு சொன்னா? கம்பனி நல்லா இருக்கான்னு கணக்குலதான் பாக்கணும், பால்மா டின்னுக்குள்ளயா பாப்பாங்க?"

அவர் சிரித்தார். "ஏஐ எண்டு உலகம் முழுக்க அடிபடுது. அந்தக் கொம்பியூட்டருகள் குடிக்கிற கரண்ட் ஒரு ஊருக்குக் காணும். மூளை எவ்வளவு பெருசெண்டாலும் கரண்ட் வேணுமே. கரண்ட் இல்லாட்டி என்ன நடக்கும் எண்டு எங்களுக்கு ஒருத்தர் வந்து சொல்லித்தரவேணுமோ?"

மெழுகுதிரி வெளிச்சத்தில் மாதக்கணக்காகச் சமைத்தவள் நான். அந்தப் பேச்சில் ஒரு உண்மை இருந்தது. அதுதான் பாழாய்ப்போனது. முழுப்பொய் என்றால் நான் அன்றைக்கே தடுத்திருப்பேன்.

"தங்கச்சி கணக்குக்காரி, அவளும் ஒருக்காப் பாக்கட்டும்" என்று சொல்லி அண்ணன் அந்தக் கம்பனியின் அறிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் பார்த்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, ஒரு வரி விடாமல் பார்த்தேன். ஆபத்துகள் என்று அவர்களே பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார்கள். நாங்கள் இலாபம் காணாமலே போகலாம். பழைய வியாபாரத்தை மூடுகிறோம், புதியதில் இன்னும் வருமானம் இல்லை. எங்கள் சிப்பை நாங்கள் செய்வதில்லை, வெளியில் ஒரு தொழிற்சாலையில் செய்விக்கிறோம், அவர்கள் நிறுத்தினால் நாங்கள் நடுத்தெருவில். எங்களை விடப் பல மடங்கு பெரிய கம்பனிகள் இதே வேலைக்குப் போட்டி போடுகின்றன. கையில் காசு குறைந்தால் புதுப் பங்குகளை விற்போம், உங்கள் பங்கு சுருங்கும். அந்த மாபெரும் கம்பனி எங்களிடம் இவ்வளவு வாங்குகிறேன் என்று எந்த வாக்கும் தரவில்லை.

இதையெல்லாம் நான் சோறு பரிமாறிக்கொண்டே அவருக்குத் தமிழில் சொன்னேன். கடைசியில் கோபம் வந்துவிட்டது.

"இங்க பாருங்க, இது பொண்ணு பாக்க வந்த கதைதான். அந்தப் பெரிய கம்பனிக்காரங்க வந்து பலகாரம் சாப்பிட்டுட்டுப் போயிருக்காங்க. அதுவும் இவங்க வீட்டுக்கு மட்டும் இல்ல, தெருவுல உள்ள எல்லா வீட்டுக்கும் போயிருக்காங்க. உங்க அண்ணன் என்னடான்னா மண்டபம் புக் பண்ணச் சொல்றாரு."

"மருந்துப் பெட்டிக்குள்ள ஒரு பேப்பர் இருக்குமே, அத வாசிச்சா ஒருத்தரும் மருந்து குடிக்க மாட்டினம். எல்லாக் கம்பனியும் இப்பிடித்தான் எழுதும். சட்டம்."

"மத்தக் கம்பனி எழுதுறதுல எனக்குக் காணி இல்ல. இதுலதான் எனக்குக் காணி இருக்கு."

அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "அது எங்கட அப்பான்ர வளவுக் காசப்பா" என்றார். சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டார். அதோடு நான் வாயை மூடினேன். லயத்து அறையிலிருந்து ஒரு சூட்கேசோடு வந்தவள் நான், இன்னொருவரின் அப்பாவுடைய காசுக்கு எந்த முகத்தோடு வாதாடுவது? அந்த வார்த்தை இன்றைக்கும் என் நெஞ்சில் குத்திக்கொண்டு நிற்கிறது. மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன்.

வாங்கினார்கள். முழுக் காசுக்கும் வாங்கினார்கள்.

அநியாயம் என்னவென்றால், அது முதலில் ஏறியது. நான் படித்த ஆபத்துகள் எல்லாம் அப்படியே இருக்க, விலை ஏறியது. அமெரிக்காவில் சந்தை திறக்கும்போது இங்கே பொழுது பட்டுவிடும். கடையைப் பூட்டிவிட்டு வந்து, கைகால் கூடக் கழுவாமல் ஃபோனைப் பிடித்துக்கொண்டு கதிரையில் உட்காருவார். காணிக்கு வேண்டிய அளவைத் தாண்டியது. அவர் பழைய கலண்டரின் பின்பக்கத்தில் வீட்டுக்குப் படம் கீறினார். குசினி இங்கே, சாமியறை இங்கே, அப்பா வந்தால் படுக்க இங்கே ஒரு அறை. "மாமா படியேறக் கஷ்டப்படுவார், கீழதான் வேணும்" என்றார். அந்தப் படத்தைப் பார்த்து நானும் சிரித்தேன். என்னை விட மடைச்சி யாரும் இல்லை.

அதற்குள் ஹாஜியாரின் மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். வீட்டு வேலைக்குக் கல்லும் மணலும் வந்து இறங்கியது. அன்று நான் என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் கேட்டேன்.

"இப்ப வித்துடச் சொல்லுங்க. காணிக்குத் தாராளமாப் போதும். உங்க காலுல விழுறேன்."

"என்னப்பா இது, காலுல விழுற கதையெல்லாம். காணிக்குக் காணும்தான். வீட்டுக்கும் வரட்டுமே. இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம். அந்த இரண்டு சொல்லையும் தூக்கிக் கண்டி வாவியில் போட்டுவிடலாம் போல இருக்கிறது.

இறக்கம் ஒரே நாளில் வரவில்லை. ஒரு கணக்கு அறிக்கை வந்தது. சார்ஜர் வேலையை விட்டதில் விற்பனை சுருங்கியிருந்தது, ஏஐ கட்டடங்களிலிருந்து காசு வர இன்னும் வருடங்கள் ஆகும் என்றிருந்தது. கம்பனித் தலைவர் பேசிய ஒலிப்பதிவை அண்ணன் அனுப்பினார். என்ன உற்சாகம் அந்த மனிதருக்கு! நஷ்டம் என்ற சொல்லே வாயில் வரவில்லை, 'மாற்றக் காலம்' என்றார். பிறகு புதுப் பங்குகளை விற்றுக் காசு திரட்டினார்கள். நான் சோறு பரிமாறிக்கொண்டு சொன்னேனே, அது. விலை விழுந்தது. கொஞ்சம் எழுந்தது, திரும்பவும் விழுந்தது. எழும்புகிற ஒவ்வொரு முறையும் இவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். விற்றுவிடுங்கள் என்று நான் சொன்னால், இப்போது விற்றால் நஷ்டம் உறுதியாகிவிடும் என்றார் அண்ணன். விற்காவிட்டால் மட்டும் அது நஷ்டம் இல்லையா? இரண்டு ஆண்களுக்கும் இது விளங்கவில்லை.

ஹாஜியார் எங்கள் வாடகை வீட்டுக்கே வந்தார். படியேறியதில் மூச்சு வாங்கியது. பால் விடாத பிளேன்ரீ கொடுத்தேன், கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"மகள், கூரை மட்டத்துல வேல நிக்கிது. மேசன் பாஸ்மார நிப்பாட்டி வச்சிரிக்கி. மாப்பிள்ள ஊட்டு ஆக்கள் கேக்குறாங்க. நான் என்ன செய்ற, சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நான்தான் கேட்டேன். அன்றைய விலைக்கு எல்லாவற்றையும் விற்றால் காணியில் பாதிக்குத்தான் காணும். பாதிக் காணி தருவீர்களா என்று கேட்டேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"தாறத்துக்கு எனக்கு மனசு இரிக்கி மகள். ஆனா அஞ்சு பேர்ச்சா ஒடைக்க பிரதேச சபையில விடமாட்டாங்க. உறுதி எழுதேலாது. உறுதி இல்லாம ஒங்களுக்கு எதுக்குக் காணி?"

உண்மைதான். உறுதி இல்லாத மண்ணில் இருக்கத்தான் என் பரம்பரைக்கே தெரியுமே.

அவர் அதற்குப் பிறகும் பொறுத்தார். பெருநாள் வரைக்கும் பொறுத்தார். வெளியாட்கள் கூடிய விலைக்குக் கேட்டும் காட்டாமல் வைத்திருந்தார். பெருநாள் முடிந்த கையோடு தொலைபேசியில் கூப்பிட்டு, "என்னப் பிழையா நெனக்க வாணாம் மகள்" என்றார். அழுதது அவர்தான். எனக்குக் கண்ணீர் கூட வரவில்லை. அவரை நான் எப்படிப் பிழையாக நினைப்பது? இந்தக் கதையில் வாக்கைக் காப்பாற்றிய ஒரே ஆள் அவர்தான். மகள் வீடு இப்போது முடிந்து, வெள்ளை அடித்து, அழகாக இருக்கிறது. காணியை வாங்கியவர் முதல் வேலையாக மதில் கட்டினார். ஒருநாள் கேட் திறந்திருந்தபோது பஸ்ஸிலிருந்து பார்த்தேன். முருங்கை நின்ற மூலையில் சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்துதான் வலப்பக்கம் உட்காருகிறேன்.

பங்குகள் இன்னும் அண்ணனின் கணக்கில் கிடக்கின்றன. ஒருநாள் ஏறுகிறது, ஒருநாள் இறங்குகிறது. நாளைக்கே ஏஐ உலகத்தை ஆண்டு, இவர்கள் சிப் இல்லாமல் ஒரு கட்டடமும் இயங்காது என்று ஆனாலும் ஆகலாம். அப்போது என் வீட்டுக்காரர் சொன்னது சரியாகிவிடும். அந்தச் சரியை வைத்து நான் என்ன செய்வது? மடவளையில் இப்போது விற்கிற விலைக்கு எங்களால் கிட்டவும் போகமுடியாது. இவர் பேச்சைக் குறைத்துவிட்டார். போன வாரம் கடையில் ஒரு சார்ஜரைப் பிரித்து வைத்துக்கொண்டு, எல்லாம் கருகிக்கிடந்த சர்க்கியூட் பலகையில் ஒரு சின்னக் கறுப்புத் துண்டைத் தொட்டுக்காட்டி, "பாரும், அவங்கட சிப், இது மட்டும் இன்னும் உசிரோட இருக்கு" என்றார். கையில் கிடைத்ததை எடுத்து எறியவேண்டும் போல இருந்தது. அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுப் பார்சலை மேசையில் வைத்துவிட்டு இறங்கினேன்.

அப்பாவுக்குச் சொல்லவில்லை. அவருக்கு முழங்கால் போய்விட்டது, பஸ் ஏறமுடியாது, வந்து பார்க்கமாட்டார். அந்தத் தைரியத்தில்தான் பொய் சொல்ல ஆரம்பித்தேன். கலஹாவுக்குப் போகும்போதெல்லாம் கண்டி மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கி, கட்டை அவிழ்த்து, பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு பேராதனையில் பஸ் மாறிப் போவேன். "காச்சுருச்சாம்மா?" என்பார். "காச்சுருச்சுப்பா" என்பேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, பக்கத்து லயக் காம்பராக்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தனுப்புவார்.

போன ஞாயிறு மழையில் மார்க்கெட்டில் முருங்கைக்காயே இல்லை. வெறுங்கையோடு போக மனம் வராமல் சுப்பர்மார்க்கெட்டுக்குள் நுழைந்து வாங்கினேன். பஸ்ஸுக்கு ஓடவேண்டியிருந்தது. பேப்பரில் சுற்றினேன், அவ்வளவுதான். அப்பா கட்டிலில் உட்கார்ந்து மடியில் வைத்துப் பிரித்தார். ஒரு காயின் நடுவில், அவர்கள் எடை போட்டு ஒட்டுகிற வெள்ளை விலைச் சீட்டு பளபளவென்று ஒட்டியிருந்தது.

அப்பா அதைப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் மரத்தில் காய்க்கிற காயில் சீட்டு இருக்காது என்று தெரியும். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் காம்பரா அக்கா, "தங்கச்சி வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தார். அப்பா நகத்தால் சீட்டின் ஓரத்தைக் கிளப்பி, கிழியாமல் உரித்து, மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு அந்தக் காயை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

"இந்தா. எம் மக காணியில காச்சது."

"அட, நல்லாப் பிஞ்சா இருக்கே! உறுதியெல்லாம் எழுதியாச்சா மாமா? யாரு பேருல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"எம் மக பேருலதான்" என்றார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.